கறுப்பு மருதாணியும் ரீபாண்டிங்கும்

கேள்வி: தலைக்குக் கறுப்பு மருதாணிப் பவுடர் போட்டு இரண்டு கிழமை. தீபாவளிக்குள் பதுளை டவுனில் ரீபாண்டிங் செய்யலாமா?
– ஒரு வாசகி, பசறை

பதில்: அவசரம் வேண்டாம். முதலில் பவுடர் பக்கெட்டைப் படியுங்கள். மருதாணி இலை மட்டும் கறுப்புத் தராது. கறுப்பைத் தருவது பெரும்பாலும் பிபிடி என்ற சாயம், சிலவற்றில் உலோக உப்பு. ரீபாண்டிங்கின் முதல் மருந்து முடியின் உட்பிணைப்புகளை உடைக்கும். அடுத்தது, ஹைட்ரஜன் பெராக்சைட், நேரான நிலையில் திரும்பப் பிணைக்கும். உலோக உப்பில் பெராக்சைட் பட்டால் முடி சூடேறி அறுந்தே போகலாம். ஆகவே சலூனில் பக்கெட்டைக் காட்டி, பின்கழுத்தில் ஒரு கொத்தில் மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள். மறுக்கிற சலூன் வேண்டவே வேண்டாம். ப்ளீச் செய்த முடியானால் ரீபாண்டிங்கை மறந்துவிடுங்கள். இனிமேல் நேராக்குவது முதலில், டை இரண்டு கிழமை கழித்து. ரீபாண்டிங் செய்தபின் இரண்டு மூன்று நாள் தலை நனையக்கூடாது என்பார்கள். ஐப்பசி மழையில் கொழுந்தெடுக்கப் போகிறவருக்கு அதுவே பெரும்பாடு.