கண்ணேறு அல்ல, காரீயம்

நம்பிக்கை: நேற்றுவரை நன்றாக மேய்ந்த மாடு இன்று சுவரில் முட்டி நின்று பல்லை நறநறவென்று கடித்தால், யாரோ கண் வைத்துவிட்டார்கள். சுற்றிப் போட்டால் தேறிவிடும்.

உண்மை: காரீயம் மூளையைத் தாக்கினாலும் மாடு இப்படித்தான் நிற்கும். டார்ச் அடித்தால் கண்ணின் பாவை சுருங்கும். ஆனால் முன்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி அதற்குத் தெரியாது. கெட்டது கண் அல்ல, பார்த்ததை உணரும் மூளைப் பகுதி. இமையும் காதும் துடிக்கும், நடை தள்ளாடும், வலிப்பு வரும். வெறிநோயிலும் இதே குறிகள் தெரியும் என்பதால், தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று மாட்டின் வாய்க்குள் கை விடவே கூடாது. உடனே கால்நடை உதவி எண்ணான 1962-ஐ அழைக்க வேண்டும். காரீயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து உண்டு. தாமதமானால் பலன் குறைவு.

நம்பிக்கை: ஆகாததை மாடு தின்னாது.

உண்மை: தின்னும். பெரம்பலூரின் மக்காச்சோளக் காடுகளில் ஓடும் டிராக்டர், அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி, இரண்டிலும் இருப்பது காரீய பேட்டரிதான். ஓய்ந்துபோன பேட்டரி தொழுவத்து மூலையில் உடைந்து கிடந்தால், தட்டில் ஒட்டிய சாம்பல் நிறப் பொடியைக் கன்று நக்கிவிடும். தாது உப்பு குறைந்த மாடு கண்டதையும் மெல்லும். விழுங்கிய காரீயத் துண்டு கனத்தால் இரண்டாம் வயிற்றில் தங்கி, நாள்பட நாள்பட நஞ்சைக் கசியவிடும். பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துவிடுவதே நல்லது.

பெயின்டும் அப்படித்தான். வீட்டு பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கிய டப்பா மிச்சமிருந்தால், மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூச அதைத் தொடக் கூடாது.

நம்பிக்கை: பாலைக் காய்ச்சினால் விஷம் போய்விடும்.

உண்மை: காரீயம் உலோகம்; எவ்வளவு கொதித்தாலும் பாலிலேயே இருக்கும். தேறிய மாட்டின் எலும்பில் தங்கியது, சினைக் காலத்திலும் கறவைக் காலத்திலும் மறுபடி இரத்தத்தில் கலக்கும். இரத்தத்தையும் பாலையும் பரிசோதிக்காமல் அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுப்பது பெரும் ஆபத்து.

நம்பிக்கை: ஏரியில் விழுந்த காரீயத் தூண்டில் குண்டால் யாருக்கும் கேடில்லை.

உண்மை: இரையை அரைக்க நீர்ப்பறவைகள் சிறு கற்களை விழுங்கும், குண்டையும் கல் என்றே விழுங்கும். அன்னங்கள் செத்து விழுந்த பிறகு, பிரிட்டன் 1987-ல் பெரும்பாலான காரீயத் தூண்டில் குண்டுகளைத் தடை செய்தது. வரித்தலை வாத்துகள் வந்திறங்கும் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே வலையும் தூண்டிலும் வீசுவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.