உப்புநீர் மீன்தொட்டியில் கார்பன் இடும் முறை

தூத்துக்குடிக் கடல் சுமார் 60 கிலோமீட்டரில் இருப்பதாலும், கோமாளி மீனைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வகுத்துத் தந்திருப்பதாலும், கோவில்பட்டி போன்ற கரிசல் ஊரிலும் வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைப்பது இன்று சாத்தியமாகியிருக்கிறது. ஆயினும், சீவலப்பேரித் திட்டத்துத் தண்ணீரைக் குடம் குடமாய் எண்ணிச் செலவழிக்கும் இப்பிரதேசத்தில் தொட்டி நீரைத் தாராளமாய் மாற்ற இயலாதாகையால், மிஞ்சிய இரையும் கழிவும் மக்கிக் கரைந்து நீர் மஞ்சளித்துவிடுகிறது. அந்த நிறத்தையும் வாடையையும் பற்றிக்கொள்வதே ஆக்டிவேட்டட் கார்பனின் வேலை. அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் அது நீக்காது. ஆதலால் நீர் மாற்றுவதை அடியோடு நிறுத்திவிடலாமென்று எவரும் எண்ணவேண்டாம்.

1. தேர்வு. நம் பக்கத்தில் மலிவாய்க் கிடைக்கும் சீமைக்கருவேல மூட்டக்கரியை நொறுக்கிப் போடலாமா என்று கேட்பவர் அநேகர். கூடாது. கரியை 800 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் நீராவியால் பதப்படுத்திய பின்னரே அதனுள் நுண்துளைகள் திறந்து, ஒரு கிராமுக்குள் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் பரப்பு உண்டாகிறது. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து நீராவி முறையில் செய்த குருணையையே வாங்குங்கள். பாஸ்பாரிக் அமிலத்தால் செய்தது பாஸ்பேட்டைக் கசியவிட்டுப் பாசியை வளர்க்கும்.

2. அளவு. 100 லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். முதல் வாரம் அதில் பாதி.

3. கழுவுதல். பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். குழாயடியில் ஒருமுறை காட்டிவிட்டு அப்படியே தொட்டியில் இறக்குகிறார்கள். குருணையோடு ஒட்டிய கரித்தூள் நீரெங்கும் பரவிப் பாறையிலும் மணலிலும் படிகிறது. மீன்களின் தலையிலும் பக்கவாட்டுக் கோட்டிலும் தோல் அரிக்கும் வியாதிக்கு இத்தூளும் ஒரு காரணமென்று சந்தேகிக்கப்படுவதால், இதை அற்ப விஷயமாய்க் கருதலாகாது. குருணையை அகன்ற வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தில் கொட்டி, நீர் ஊற்றி, பாத்திரத்தைச் சுழற்றி, மேலே கலங்கி வரும் கறுப்பு நீரை வடித்துவிடுங்கள். கையால் பிசைந்தால் குருணை உடைந்து புதிதாய்த் தூள் உண்டாகும். பாத்திரத்தின் அடி பளிச்சென்று தெரியும்வரை இவ்விதம் செய்தபின், ஓர் இரவு முழுதும் ஊறவையுங்கள். துளைகளில் அடைபட்டிருந்த காற்று பொடிக்குமிழிகளாய்ச் சீறிக்கொண்டு வெளியேற, மிதந்த குருணை மெல்ல அடியில் தங்கும். காலையில் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். மறுபடியும் கறுத்தால் மறுபடியும் கழுவத்தான் வேண்டும். கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில் இருக்கட்டும். வடித்த நீரில் உப்பு இல்லாமையால் அதைச் செடிகளுக்கு ஊற்றலாம்.

4. வைக்கும் இடம். வலைப்பையில் கட்டி, ஃபில்டரில் பஞ்சுக்கு அடுத்து, நீர் அதன் ஊடே புகுந்து செல்லும்படி வையுங்கள். தொட்டி மூலையில் தொங்கவிட்ட பையால் பிரயோஜனம் சொற்பமே. குருணைகள் ஒன்றோடொன்று உராயுமளவு வேகமும் வேண்டாம். மின்சாரம் பல மணிநேரம் நின்றால், மூடிய கானிஸ்டர் ஃபில்டருக்குள் பிராணவாயு தீர்ந்து நீர் கெட்டிருக்கும். அதைக் கொட்டிவிட்ட பிறகே மோட்டாரை ஓடவிடுங்கள்.

5. மாற்றுதல். மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுவது என் நியமம். ஐயமிருந்தால், ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டின் பாதியில் வெளிர்மஞ்சள் பூசி, தொட்டியின் ஒரு கோடியில் நீருக்குள் நிறுத்தி, நீளவாக்கில் மறுகோடியிலிருந்து பாருங்கள். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் பேதம் தெரியாவிட்டால் கார்பன் தீர்ந்தது. தீர்ந்ததை வெயிலில் உலர்த்தி மீண்டும் போடும் சிக்கனம் வீண். கரிசல் காட்டுச் சித்திரை வெயிலும் அத்துளைகளைத் திறக்காது.

6. மருந்து. மெத்திலீன் நீலம் போன்ற மருந்து இடுமுன் கார்பனை அவசியம் எடுத்துவிடுங்கள். இல்லையேல் மருந்து மீனைச் சேருமுன் கரியைச் சேரும். சிகிச்சை முடிந்ததும், மிச்ச மருந்தை அகற்றப் புதிய கார்பனை இட்டு, இட்ட தேதியை ஃபில்டர் மூடிமேல் எழுதி ஒட்டுங்கள்.