மிச்சத் துண்டில் ஒரு சிலுவை

சென்னபட்டணா என்று ஓர் ஊர். கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. பெங்களூரில் பஸ் ஏறி மைசூர் சாலையில் போனால் சுமார் 60 கிலோமீட்டர். ஊர் நெருங்கும்போதே சாலையோரக் கடைகளில் மரப் பொம்மைகள் தெரியும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பளபளக்கும். கன்னடத்தில் இந்த ஊரைக் 'கொம்பெகள ஊரு' என்பார்கள். பொம்மைகளின் ஊர் என்று அர்த்தம்.

திப்பு சுல்தான் காலத்தில் பாரசீக நாட்டுக் கைவினைஞர்கள் வந்து இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். 2005-06ஆம் ஆண்டில் சென்னபட்டணா பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த பொம்மையை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது.

இங்கே பொம்மை செய்யும் முறைக்குக் கடைசல் என்று பெயர். கட்டில் கால், தொட்டில் கம்பு, பம்பரம் எல்லாம் கடைசல் வேலைதான். மரம் சுழலும். நாம் உளியைப் பிடிப்போம். மரத்தைச் சுழற்றும் எந்திரம்தான் லேத். முன்பு ஒருவர் கயிற்றையோ வில்லையோ இழுத்து மரத்தைச் சுழற்றினார். பிறகு மின்சார மோட்டார் வந்தது. ஆண்களும் பெண்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

பட்டறைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது பொம்மை அல்ல. தரையில் கிடக்கும் மரச் சுருளும் துண்டு மரங்களும்தான். பெரிய பொம்மைக்கு அறுத்தது போக விரல் நீளத்தில், சாண் நீளத்தில் மிஞ்சும். பலர் அதை அடுப்பில் போட்டுவிடுவார்கள். அடுப்புக்குப் போகும் அந்தத் துண்டில் ஓர் அழகான சிறு சிலுவை செய்யலாம். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடலாம். வீட்டுச் சுவரில் மாட்டலாம். புது நன்மை வாங்கும் பிள்ளைக்குப் பரிசாகத் தரலாம். பெங்களூர் சிவாஜி நகரில் மரியன்னை பேராலயம் இருக்கிறது. அங்கே செப்டம்பர் 8ஆம் தேதி பெரிய திருவிழா. தமிழர்களும் திரளாக வருவார்கள். இப்படிப்பட்ட திருவிழாக் கடைகளில் மரச் சிலுவைக்கு வாங்குவோர் உண்டு.

சிலுவையை எப்படிச் செய்வது? படியுங்கள். படித்ததை ஒரு முறை தாளில் வரைந்து பாருங்கள்.

எந்தத் துண்டை எடுப்பது?

சென்னபட்டணாவில் அதிகம் பயன்படுத்தும் மரத்தை 'ஆலெ மரம்' என்கிறார்கள். விழுது விடும் நம் ஆலமரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது வெட்பாலை. இலையைக் கிள்ளினால் பால் வடியும். அந்த இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துத் தோல் நோய்க்குத் தைலம் செய்வார்கள். இதன் மரம் தந்தம்போல வெளுப்பாக இருக்கும். கடைவதற்கு மென்மையாக இருக்கும்.

வெட்பாலை கிடைக்காவிட்டால் தேக்குத் துண்டு, வேப்பந் துண்டு எதுவும் ஆகும். ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தில் செய்த சிலுவை காயும்போது வெடிக்கும், பொருத்து தளரும். விரிசல் உள்ள துண்டு வேண்டாம். சுழலும்போது அது பிளந்து முகத்தில் அடிக்கும். பழைய கதவு, ஜன்னல் கட்டைகளில் ஆணி ஒளிந்திருக்கும். ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். பழைய பெயிண்ட் பூசிய கட்டை என்றால் ஒதுக்கிவிடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதைக் கடைந்தால் தூளோடு ஈயமும் மூச்சில் போகும்.

ஏன் இரண்டு துண்டு?

ஒரே பலகையில் சிலுவையை அறுத்தெடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அறுக்கலாம். ஆனால் கை உடைந்துவிடும். மரத்தில் நார் ஓடுகிறது அல்லவா? விறகு பிளக்கும்போது நார் போகும் திசையில்தான் பிளக்கிறது. ஒரே பலகையில் அறுத்தால் நிற்கும் கட்டையில் நார் நீளவாக்கில் ஓடும். அதே நார் கைகளில் குறுக்கே ஓடும். குழந்தை கீழே போட்டால் கை 'பட்' என்று போய்விடும். அதனால் நிற்கும் கட்டையைத் தனியாகவும், கைகளைத் தனியாகவும் கடைய வேண்டும். எல்லாவற்றிலும் நார் நீளவாக்கில் இருக்க வேண்டும். பிறகு சேர்க்க வேண்டும்.

எப்படிச் சேர்ப்பது என்பதற்கு உங்கள் வீட்டுக் கட்டிலைப் பாருங்கள். கட்டில் கால் முழுவதும் உருண்டை. ஆனால் சட்டம் நுழையும் இடத்தில் மட்டும் சதுரமாக விட்டிருப்பார்கள். உருண்டையின் மேல் சட்டம் சரியாக உட்காராது, இடைவெளி தெரியும். சதுரத்தின் மேல் ஒட்டி உட்காரும். சிலுவையும் அப்படித்தான். நடுவில் ஒரு சதுரக் கட்டத்தை விட்டுவிட வேண்டும்.

அளவு

நம் சிலுவை 100 மில்லிமீட்டர் உயரம், 60 மில்லிமீட்டர் அகலம். 10 மில்லிமீட்டர் சேர்ந்தால் 1 சென்டிமீட்டர். அதாவது உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 6 சென்டிமீட்டர். ஆர்டர் சீட்டில் 'மி.மீ.' என்று எழுதியிருக்கிறதா, 'செ.மீ.' என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 60 மி.மீ. ஒரு சிறு சிலுவை. 60 செ.மீ. கோயில் பீடத்தில் வைக்கும் சிலுவை!

நிற்கும் கட்டைக்கு 18 மி.மீ. சதுரமாக, 120 மி.மீ. நீளமாக ஒரு துண்டு. இரு முனையிலும் 10 மி.மீ. கழிவு போகும். கைகளுக்கு அதே 18 மி.மீ. சதுரத்தில், 85 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டு. இரண்டு கைகளையும் ஒரே துண்டில் கடையலாம். ஆகவே மிச்சத் துண்டுகளை இரண்டு கூடையாகப் பிரியுங்கள். 120 மி.மீ.க்குக் குறையாதவை ஒரு கூடை. 85க்கு மேல் 120க்குக் கீழ் உள்ளவை இன்னொரு கூடை. இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதி மரம் வீணாகாமல் தப்பும்.

துளை முதலில், கடைசல் பிறகு

இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். உருட்டிக் கடைந்த பிறகு துளை போட்டால் துளை ஊசி வழுக்கும். கட்டை சதுரமாக இருக்கும்போதே துளை போட வேண்டும். மேல் முனையிலிருந்து 45 மி.மீ. தள்ளிக் கோடு போடுங்கள். மூலைமட்டம் வைத்து அந்தக் கோட்டை நான்கு பக்கமும் சுற்றி இழுங்கள். கோட்டின் நடுவில் ஆணி முனையால் ஒரு குழி தட்டுங்கள். கீழே ஒரு கழிவுப் பலகையை வைத்து, 8 மி.மீ. ஊசியால் மறுபக்கம் வரை நேராகத் துளையுங்கள். துளை சாய்ந்தால் சிலுவையின் ஒரு கை தொங்கும். பிறகு எந்தப் பசையாலும் அதை நிமிர்த்த முடியாது.

துளைக்கு மேலே 9 மி.மீ., கீழே 9 மி.மீ. அளந்து கோடு போடுங்கள். இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பதுதான் சதுரக் கட்டம். அங்கே உளி படக் கூடாது.

கட்டையின் இரு முனையிலும் மூலைக்கு மூலை கோடு இழுங்கள். கோடுகள் வெட்டும் இடம்தான் மையம். அந்த மையத்தில் லேத்தின் முனைகளை வைத்து இறுக்குங்கள்.

சுழலும்போது

லேத்தில் நிற்கும் முன் உடையைப் பாருங்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். கூந்தலை முடிந்து கட்டுங்கள். வளையல், மோதிரம் வேண்டாம். ஆண்கள் முழுக்கைச் சட்டையை மடித்து விடட்டும், துண்டைத் தோளில் போட வேண்டாம். ஒரு நூல் சிக்கினால் போதும், எந்திரம் அதைச் சுற்றிக்கொண்டே போகும். கையும் கூடவே போகும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம். மரத்தூள் இன்றைக்கு ஒன்றும் செய்யாது போலத் தெரியும். பல வருடம் சேர்ந்த பிறகுதான் இருமல் பேசும்.

உளியைத் தாங்கும் கட்டையை மரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். போடும்போது மரத்துக்கு நேராக நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள்.

முதலில் சாய்ந்த வாய் உளியின் கூர்முனையால் சதுரக் கட்டத்தின் இரு ஓரத்திலும் ஒரு சிறு வெட்டு. இது இல்லாவிட்டால் கட்டத்தின் மூலை சிதறும். பிறகு வளைந்த வாய் உளியால் மற்ற இடத்தை உருட்டுங்கள். உளியின் பின்பக்கம் முதலில் மரத்தைத் தொடட்டும். பிடியை மெல்ல உயர்த்துங்கள். வாய் மரத்தைக் கவ்வும். நன்றாகத் தீட்டிய உளியில் சுருள் சுருளாக வரும். தூள் தூளாக வந்தால் உளி மழுங்கிவிட்டது. நிறுத்தித் தீட்டுங்கள். மழுங்கிய உளியை அழுத்தி ஓட்டுபவர்தான் அதிகம் காயப்படுகிறார்.

உருவம் உங்கள் விருப்பம். எனக்குப் பிடித்தது எளிய உருவம்தான்: முனையில் ஒரு மொட்டு, கட்டத்தை ஒட்டி ஒரு வளையம், நடுவில் மெலிந்த இடை. இவ்வளவு சின்னப் பொருளில் ஏழெட்டு வளையம் போட்டால் சிலுவை தெரியாது, வளையம்தான் தெரியும்.

கைகளுக்கான துண்டை மாட்டும்போது ஒரு கணக்கு. ஒவ்வொரு கையும் வெளியே தெரிவது 21 மி.மீ. துளைக்குள் நுழையும் காம்பு 8 மி.மீ. இரண்டு காம்புகளும் துண்டின் நடுவில் எதிரெதிராக வரட்டும். அவற்றுக்கு நடுவில் ரம்பத்துக்கு 4 மி.மீ. விடுங்கள். ஆக நடுவில் 20 மி.மீ. நீளத்துக்கு 8 மி.மீ. கனமாகக் கடைய வேண்டும். முனைகளின் மொட்டை முதலில் முடித்துவிட்டு, இந்த மெல்லிய நடுவைக் கடைசியாகக் கடையுங்கள். முதலிலேயே மெலித்துவிட்டால் மரம் அதிரும், ஒடியும்.

8 மி.மீ. ஆகிவிட்டதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். சைக்கிள் கடையில் இருக்கும் 8ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். லேத்தை நிறுத்திவிட்டு ஸ்பேனரின் வாயைக் காம்பில் நுழையுங்கள். இறுக்கமாக நுழைந்தால் சரி. மீதியை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.

அரக்கும் தாழையும்

சென்னபட்டணாப் பொம்மையின் பளபளப்பு பெயிண்ட் அல்ல, அரக்கு. பலாசு, இலந்தை போன்ற மரங்களில் ஒரு சிறு பூச்சி சாற்றை உறிஞ்சி வாழ்கிறது. அது தன்னைச் சுற்றிச் சுரக்கும் பிசின்தான் அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் காட்டை ஒட்டி வாழும் மக்கள் இதைச் சேகரித்து விற்கிறார்கள். அரக்கோடு நிறம் சேர்த்துக் குச்சியாக உருட்டி வைப்பார்கள். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள், நீலத்துக்கு அவுரி.

உப்புத்தாள் போடும் முன் உளி தாங்கும் கட்டையை அகற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் விரல் அதற்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டும். பிறகு சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துங்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டும். அடுப்பு வேண்டாம், தூரிகை வேண்டாம். அடுத்து, காய்ந்த தாழை மடலை மடித்து அதன் மேல் அழுத்தினால் அரக்கு சமமாகப் பரவும், கண்ணாடிபோல மின்னும். துணியை விரலில் சுற்றிக்கொண்டு தேய்க்கவே கூடாது.

அரக்கு கிடைக்காத ஊரில் தேன்மெழுகைத் தேய்க்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் சிக்கு நாற்றம் வரும்.

காம்பில் மட்டும் அரக்கோ மெழுகோ படக் கூடாது. பட்டால் பசை பிடிக்காது. சதுரக் கட்டத்தை வெறும் மரமாகவே விடுங்கள். நிறத்துக்கு நடுவில் அந்த வெண்மை அழகாக இருக்கும்.

இனி கழிவு முனைகளை அறுத்துத் தேய்த்துவிடுங்கள். கைகளை நடுவில் அறுத்துப் பிரியுங்கள். துளைக்குள் கொஞ்சம் மரப் பசை. இரு கைகளையும் இரு பக்கத்திலிருந்து நுழைத்து அழுத்துங்கள். காம்பு இரண்டும் சேர்ந்தால் 16 மி.மீ. துளை 18 மி.மீ. மிஞ்சும் 2 மி.மீ. பசைக்கு இடம். வெளியே வழியும் பசையை ஈரத் துணியால் உடனே துடையுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். தொங்கவிடுவதற்கு உச்சியில் சிறு துளை போட்டு ஒரு கம்பி வளையத்தைத் திருகுங்கள்.

நோட்டில் எழுதுங்கள்

பட்டறை வேலை பெரும்பாலும் துண்டுக் கூலி. எத்தனை செய்தோமோ அத்தனைக்குப் பணம். நீங்கள் 40 கொடுத்தீர்கள். வாங்கியவர் ஒரு வாரம் கழித்து "36தான் வந்தது அம்மா" என்கிறார். ஒரு சிலுவைக்கு 15 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். 4 சிலுவைக்கு 60 ரூபாய். யார் சொல்வது சரி? அவரிடம் நோட்டு இருக்கிறது. உங்களிடம் ஞாபகம் மட்டும் இருந்தால் நோட்டுதான் ஜெயிக்கும். கொடுக்கும்போதே உங்கள் நோட்டிலும் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இரண்டு முறை வாங்கினால் மூன்றாவது முறை அவரே பேனாவை எடுப்பார்.

2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் தச்சரும் மரபுப் பொம்மை செய்பவரும் சேரலாம். கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவி உண்டு. 5 சதவீத வட்டியில் கடனும் உண்டு. கடன் தாளில் தொகை, வட்டி, தவணை மூன்றையும் நீங்களே படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பயிற்சி

உங்கள் நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள். தேதி, கொடுத்தது, திரும்பி வந்தது, வாங்கிய பணம், கையெழுத்து என்று தலைப்பு எழுதுங்கள். பிறகு இந்தக் கணக்கை அதில் நிரப்புங்கள்:

திங்கட்கிழமை 14 சிலுவை கொடுத்தீர்கள். புதன்கிழமை 11. வெள்ளிக்கிழமை 15. பொருத்து தளர்ந்து 2 திரும்பி வந்தன. கூலி ஒன்றுக்கு 15 ரூபாய். 300 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள். இன்னும் எவ்வளவு வர வேண்டும்?