ஈரத்துணியால் ஓர் இலையைத் துடைத்துப் பாருங்கள்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ மொட்டை மாடியில் முதல் ரோஜாத் தொட்டி வைக்கப்போகும் பிள்ளைகளுக்கு, முப்பது வருஷமாக இதே காற்றில் ரோஜா வளர்க்கும் பாட்டி எழுதுவது. ரோஜாப் புத்தகங்கள் பெரும்பாலும் பெங்களூர், ஊட்டிக் குளிரை நினைத்து எழுதியவை. நமக்கோ ஒரு பக்கம் கடல் உப்பு, மறுபக்கம் ஆலைத் தூசி. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் பாதி நோய் தானாகக் குறையும்.

1. வாசனைக்குத்தான் வளர்க்கிறீர்கள் என்றால் பன்னீர் ரோஜாவில் தொடங்குங்கள். கோயம்பேட்டுக்குக் கட்டுக்கட்டாக வரும் ஓசூர் ரோஜா நீளக் காம்புக்காகவும் நாலு நாள் வாடாமல் நிற்பதற்காகவும் தேர்ந்தெடுத்த செடி. அதில் மணம் தேடி ஏமாறாதீர்கள். பன்னீர் ரோஜாவை நர்சரியில் எட்வர்ட் ரோஜா என்றும் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெயூனியன் தீவில் கிடைத்த ‘ரோஸ் எதுவார்’தான் இங்கே வந்து எட்வர்ட் ஆனது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஜனங்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன தீவு அது. இதை நினைக்கும்போதெல்லாம் அந்தச் செடி மேல் எனக்குப் பாசம் கூடும். பென்சில் கனத் தண்டை வெட்டி நட்டாலே வேர் பிடித்துவிடும். காசு கொடுத்து ஒட்டுச்செடி வாங்க வேண்டாம், தெருவில் யார் வீட்டில் நன்றாகப் பூக்கிறதோ அவர்களிடம் ஒரு தண்டு கேளுங்கள். கை பழகிய பிறகு, கொடைக்கானலில் ரோஜா வல்லுநர் வீரராகவன் நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கலந்து உண்டாக்கிய, வெப்பம் தாங்கும் ரகங்களைத் தேடிப் போகலாம்.

2. போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியது பல பத்தாண்டுகளாகப் பதிவான விஷயம். கரையோரத் தெருக்களில் நாக்கில் வைத்தாலே தெரியும். ரோஜா உப்பைத் தாங்காத செடி. மெட்ரோ தண்ணீர் நல்லது. 2010-இல் தொடங்கிய காட்டுப்பள்ளி ஆலை கடல்நீரை நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. அந்தத் தண்ணீர் வந்தாலும் தாராளமாக ஊற்றுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பே கிடையாது, வாளி வைத்துப் பிடியுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் ஒருநாளும் ஊற்றக் கூடாது. குடிநீரில் பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மண் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தால் உள்ளே உப்பு சேர்ந்துவிட்டது. நல்ல தண்ணீரைத் தொட்டியின் அளவுக்கு இரண்டு மடங்கு, மெதுவாக, அடித்துளை வழியே ஓட விடுங்கள்.

3. செம்மண் இரண்டு பங்கு, மட்கிய சாணம் ஒன்று, ஆற்று மணல் ஒன்று. கடற்கரை மணல் வேண்டாம். தேங்காய் நார்த்தூள் சேர்ப்பதானால் முதலில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியுங்கள், அதிலும் உப்பு உண்டு.

4. இதுதான் முக்கியம். இலை கறுத்தால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். ஈரத்துணியை எடுத்து ஓர் இலையைத் துடையுங்கள். சட்டென்று வந்துவிட்டால் தூசி. நிலக்கரியும் இரும்புத்தாதும் 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தை விட்டு நீங்கியபின் ராயபுரத்துக்குக் கொஞ்சம் ஆறுதல். எண்ணூர்ப் பிள்ளைகள் இன்னும் துடைக்கத்தான் வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டி, தேய்த்தால் உரிந்து வருவது கரும்படலம். அதற்குமேல் உள்ள தண்டில் மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ உட்கார்ந்திருக்கும், அதைத்தான் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்பு நீர் தொட்டுத் தேய்த்தெடுக்க வேண்டும். எவ்வளவு துடைத்தும் போகாமல், ஓரம் பிசிறடித்த கறுப்புப் பொட்டும் சுற்றிலும் மஞ்சளும் இருந்தால் அது கரும்புள்ளி நோய். இலையின் விளிம்பு மட்டும் பழுப்பாகக் கருகினால் உப்பு. இரண்டாவது குறிப்பைத் திரும்பப் படியுங்கள். நானே இரண்டு வருஷம் தூசிக்கு மருந்தடித்தேன். அந்த மருந்தில் செடி நோஞ்சானாகிப் போனது இன்னும் மனசில் உறுத்துகிறது.

5. கரும்புள்ளி ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்து நோய். இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் நனைந்திருந்தால் பூஞ்சை உள்ளே இறங்கிவிடும். அதனால் தூசி கழுவுவதானால் வெயில் ஏறும்போது கழுவுங்கள். சாயங்காலம் இலையில் தண்ணீர் படக் கூடாது. விழுந்த இலையைத் தொட்டியிலேயே விடாதீர்கள், அடுத்த மழைக்கு விதை அதுதான். தை, மாசியில் வெள்ளைப் பொடி தூவியதுபோல் வருவது சாம்பல் நோய், அதற்கு நனைந்த இலை தேவையில்லை. சித்திரை, வைகாசியில் இலையடியில் நூலாம்படையும் மங்கிய புள்ளிகளும் தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி அடங்கும்.

6. சாம்பல் நோய்க்குச் சமையல் சோடா கரைத்துத் தெளிக்கச் சொல்வார்கள். மற்ற ஊரில் சரி. ஏற்கெனவே உப்பில் தவிக்கும் நம் தொட்டிக்கு அதுவும் சோடியம்தான். நனையும் கந்தகம் 1 லிட்டருக்கு 2 கிராம், வெயில் தணிந்த வேளையில். கரும்புள்ளிக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு 1 லிட்டருக்கு 2.5 கிராம். இதற்கு மேல் எதுவும் மாடித்தொட்டிக்குத் தேவைப்பட்டதில்லை. முகத்தை மூடிக்கொண்டு தெளியுங்கள், குழந்தைகளைக் கீழே அனுப்பிவிடுங்கள்.

7. மழைக்கு முன்னால் கவாத்து வேண்டாம். வெட்டுக்காயம் ஈரத்தில் கறுத்து நுனியிலிருந்து கீழே காய்ந்துகொண்டே போகும். மார்கழியில் மழை விட்டதும் வெட்டுங்கள். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, தண்டின் நடுச்சோறு வெள்ளையாகத் தெரியும்வரை கீழே போங்கள். பழுப்பு மிச்சம் இருந்தால் நோய் மிச்சம்.

8. பூவை விடிகாலையில் பறியுங்கள், வெயில் ஏறினால் மணம் பறந்துவிடும். நம் ஊரில் அந்த நேரத்தில் காற்று மேற்கே மணலி ஆலைகளின் பக்கமிருந்து வீசும். சில நாள் நாற்றம் மூக்கை அறுக்கும். அன்றைக்கும் மாடிக்குப் போங்கள், குனிந்து பூவுக்குள் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுங்கள். முதல் பூவை என் பேத்தி வடிவுடையம்மனுக்கு எடுத்துப் போவாள். இரண்டாவதை நான் தலையில் வைத்துக்கொள்வேன்.