முட்டை ஓட்டின் நிறமும் சேவலின் பங்கும்

வீட்டில் கோழி வளர்க்கும் அங்கத்தினர்களிற் பலர், தவிட்டு நிற முட்டைகளுக்கு நல்ல கிராக்கியிருப்பதைக் கண்டு, அந்நிற முட்டைகளையே பொறுக்கி அடைவைக்கின்றனர். பிறக்கும் பெட்டைகளும் அவ்வாறே முட்டையிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆறு மாதம் தீனி போட்டு வளர்த்த பின், வெளிறிய முட்டையைக் கண்டு ஏமாற்றமடைகின்றனர். இதன் காரணத்தை அறிந்துகொண்டால் இந்நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

நிறம் உண்டாகும் விதம்

ஒரு முட்டை உருவாகிப் பூர்த்தியாவதற்கு ஏறக்குறைய 25 மணி நேரமாகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு உண்டாவதற்கே செல்லும். கடைசிச் சில மணி நேரங்களில்தான் தவிட்டு நிறம் ஓட்டின்மேல் மிகுதியாகப் படிகிறது. இந்நிறம் முட்டையிடும் பெட்டையின் உடலிலிருந்து வருவது. அதனுடன் கூடிய சேவலுக்கு இதில் பங்கில்லை. ஆகவே ஓட்டின் நிறம் தாயின் குணத்தையே காட்டும். குஞ்சின் குணத்தை முற்றிலும் காட்டாது.

சேவலைத் தெரிந்தெடுத்தல்

குஞ்சோ தாய் தந்தை இருவரிடமிருந்தும் குணங்களைப் பெறுகிறது. சேவல் முட்டையிடாவிடினும், தன் தாயின் முட்டை நிறத்திற்குரிய குணத்தைத் தன் பெண் குஞ்சுகளுக்கு அளிக்கிறது. தவிட்டு நிற முட்டையிடும் ரோட் ஐலண்ட் ரெட் பெட்டையுடன், வெள்ளை முட்டையிடும் இனமாகிய லெகார்ன் சேவலைச் சேர்த்தால், பிறக்கும் பெட்டைகள் பெரும்பாலும் இரண்டிற்கும் இடைப்பட்ட இளநிற முட்டையே இடும். தவிட்டு நிறம் பல குணக் கூறுகள் ஒன்றுசேர்ந்து உண்டாவதே இதற்குக் காரணம்.

நீல நிறத்தின் வழி வேறு. தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசத்தின் அரௌக்கானா கோழிகள் நீல முட்டையிடுவன. இந்நிறம் ஒரே குணக் கூறினால் உண்டாவதென்றும், தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்தாலும் அது மேலோங்கி நிற்குமென்றும் பன்னெட் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1933-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

ஆதலால் சேவல் வாங்கும்போது அதன் கொண்டையையும் இறகையும் மட்டும் பார்த்தல் போதாது. அதன் தாயும் உடன்பிறந்த பெட்டைகளும் எந்நிற முட்டையிடுகின்றன என்று விசாரித்தல் வேண்டும். சேவலை மாற்றிய உடனே அடைக்கு முட்டை சேர்க்கலாகாது. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்திற்கு மேலும் தங்கக்கூடுமாகையால், மூன்று வாரம் பொறுத்திருத்தல் நலம்.

அடைவைக்கும் முறை

லெகார்ன் பெட்டைகள் அடைகிடப்பது அரிது. நாட்டுக்கோழியே இதற்கு ஏற்றது. ஏழு நாளுக்கு உட்பட்ட, கீறலற்ற, நடுத்தர அளவுள்ள முட்டைகளாகப் பத்துப் பன்னிரண்டு வைக்கலாம். அழுக்கான முட்டைகளைக் கழுவி வைப்பதைவிட அவற்றை நீக்கிவிடுவதே மேல். அடைக்கோழியை நாள்தோறும் ஒருமுறை இறக்கித் தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். ஏழாம் நாள் இரவில் முட்டைகளை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, சிவந்த நரம்புகள் தோன்றாமல் தெளிவாயிருப்பவற்றை விலக்கிவிடலாம். 18-ஆம் நாளுக்குப் பின் முட்டைகளைத் தொடலாகாது. 21-ஆம் நாள் குஞ்சுகள் வெளிவரும்.

தவிட்டு முட்டைக்கும் வெள்ளை முட்டைக்கும் சத்தில் வித்தியாசம் ஏதுமில்லை. நிறத்தின் பயன் விற்பனையில் மட்டுமே. அவ்விற்பனையை நாடும் அங்கத்தினர்கள் தனித்தனியே கண்ட சேவல்களை வாங்காமல், சங்கக் கூட்டத்தில் கலந்து பேசி, வம்சம் தெரிந்த ஓரினச் சேவல்களையே தெருவுக்கு ஒன்றாக வைத்துக்கொள்வார்களாயின், சில தலைமுறைகளில் ஊர் முழுவதும் ஒரே நிற முட்டையைச் சந்தைக்கு அனுப்பக்கூடும்.