சொந்தக் கட்டடம்தான், ஆனாலும்...

கேள்வி: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் எங்கள் பழைய கடைவீட்டின் மர ஜன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினியம் போடலாமா? சொந்தக் கட்டடம்தானே!

பதில்: சொந்தம்தான். ஆனால் அந்த வட்டாரம் 1989 முதல் பாதுகாப்புப் பகுதி. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி இல்லாமல் முகப்பில் கை வைக்காதீர்கள். அலுமினியத்தை மறந்துவிடுங்கள். உளுத்த சட்டத்தை மட்டும் வெட்டியெடுத்து, அதே அளவில் புது மரம் ஒட்டவைப்பார் நல்ல தச்சர், செலவும் குறையும். ஓடு, மர உத்திரம், ஐந்தடி நடைபாதை எல்லாவற்றுக்கும் இதே கண்டிப்புதான். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. வெள்ளையடிப்பதிலும் கவனம்: சுண்ணாம்புச் சுவருக்குப் பிளாஸ்டிக் பெயிண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளம் கொப்புளமாக உரியும். முதலில் பாதுகாப்புப் பணியில் பழகிய கட்டடக் கலைஞரைப் பாருங்கள். விண்ணப்பத்துக்கான வரைபடங்களை அவர் போட்டுத் தருவார்.