கோப்பு எங்கே தேங்குகிறது?

2016-இல் திருவெறும்பூர் மலைக்கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு ஒரு சிறிய மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். 1960களில் பெல் ஆலை வந்தபின் துவாக்குடி வரை முளைத்த பட்டறைகளில் அதுவும் ஒன்று. கொதிகலனுக்கான குழாய்களைப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு வெல்டிங் இணைப்புக்கும் ஆர்.டி. எடுத்து, அதாவது கதிர்ப்படம் பிடித்து, ஃபிலிமை ஸ்கேன் செய்து, ஆர்டர் கொடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஆள் நடமாட்டம் இருக்கும்போது கதிர்வீச்சு வேலை கூடாது என்பதால் ஆர்.டி. பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கும். அனுப்புவதும் ராத்திரிதான்.

வேலை முடித்துக் கொடுத்த மறுவாரமே போன் வந்தது. "சார், நேத்தும் போகல. அறுபது பர்சென்ட் வரைக்கும் சர்ருனு ஓடுது சார், அப்புறம் அப்படியே செத்துடுது. நெட்டு நல்லாத்தான் இருக்கு." திரையில் வந்த பிழைச் செய்தி ஒரே வரி: மெமரி போதவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஃபிலிம் 10 செ.மீ. அகலம், 24 செ.மீ. நீளம். 50 மைக்ரான் துல்லியத்தில் ஸ்கேன் செய்தால் 2,000-க்கு 4,800 புள்ளிகள், மொத்தம் 96 லட்சம். புள்ளிக்கு 2 பைட் என்றால் கிட்டத்தட்ட 19 எம்பி. ஒரு நாளைக்கு 36 ஃபிலிம் சேர்ந்தால் 700 எம்பிக்கு அருகில் வருகிறது. அதை ஒரே கோப்பாகக் கட்டி அனுப்பச் சொல்லியிருந்தேன்.

நான் எழுதியிருந்தது சி ஷார்ப் நிரல். கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் படித்து, பேஸ்64 எழுத்துகளாக மாற்றி, ஜேசனுக்குள் செருகி அனுப்பியது. என் மேசையில் 5 எம்பி கோப்பை வைத்துச் சோதித்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. பேஸ்64 ஆக்கினால் மூன்று பைட் நான்கு எழுத்தாகும். ஆக 70 கோடி பைட், 93 கோடி எழுத்து. டாட்நெட்டில் ஒவ்வொரு எழுத்தும் 2 பைட் பிடிக்கும் என்பதால் அந்த ஒரு சரத்துக்கு மட்டும் 186 கோடி பைட் வேண்டும். பட்டறை லேப்டாப்பிலோ 32 பிட் விண்டோஸ் 7. அதில் ரேம் எவ்வளவு இருந்தாலும் சாதாரணமாக ஒரு நிரலுக்குக் கிடைக்கும் முகவரி இடம் 2 ஜிபிதான். மூலக் கோப்பு ஏற்கெனவே 700 எம்பியை அடைத்துக்கொண்டு நிற்க, மிச்சத்துக்கு எங்கே போவது? பெரிய கோப்பை ஜேசனுக்குள் வைக்காதீர்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி நோய் தீர்ந்துவிடும்.

அதை எடுத்துவிட்டு, கோப்பைத் துண்டு துண்டாகப் படித்து, மல்டிபார்ட் முறையில் கோரிக்கையின் ஸ்ட்ரீமில் எழுதும்படி மாற்றினேன். ஒரு துண்டு 81,920 பைட். டாட்நெட்டில் 85,000 பைட்டும் அதற்கு மேலும் உள்ள பொருள்கள் தனிப் பகுதிக்குப் போய்விடும். அந்த இடம் எளிதில் ஒழுங்குபடாது. அதனால் அதற்குக் கீழேயே இருப்பது நல்லது. இனி மெமரி ஏறவே ஏறாது என்று நம்பிக்கையோடு பட்டறைக்குப் போனேன்.

ஏறியது. அன்று ராத்திரி அந்த லேப்டாப்பின் முன் உட்கார்ந்து பார்த்ததை மறக்கவே முடியாது. முன்னேற்றக் கோடு பத்தே நொடியில் பாதியைத் தாண்டியது. டாஸ்க் மேனேஜரில் மெமரி ஏணி வைத்ததுபோல் மேலே போனது. பக்கத்திலேயே நெட்வொர்க் வரைபடம், தரையோடு தரையாகப் படுத்திருந்தது. டேட்டா கார்டின் விளக்குகூடச் சிமிட்டவில்லை. அங்கே கிடைத்த வேகம் நொடிக்கு அரை எம்பி. பத்து நொடியில் 400 எம்பி போயிருக்க வழியே இல்லை. நான் "அனுப்பியது" எதுவும் லேப்டாப்பை விட்டு வெளியே போகவே இல்லை.

உய்யக்கொண்டான் வாய்க்கால் இந்தப் பக்கமாக ஓடி வாழவந்தான்கோட்டை ஏரியில் போய்ச் சேர்கிறது. என் நிரலில் நான் வெட்டியதும் அப்படியொரு வாய்க்கால் என்று நினைத்திருந்தேன். நடுவில் யாரோ ஓர் ஏரியைக் கட்டி வைத்திருந்தார்கள். டாட்நெட் ஃபிரேம்வொர்க்கின் எச்டிடிபி வெப் ரிக்வெஸ்டில் 'அலோ ரைட் ஸ்ட்ரீம் பஃபரிங்' என்று ஒரு அமைப்பு உண்டு. அது இயல்பாகவே ஆன் நிலையில் இருக்கும். நாம் எழுதும் எல்லாவற்றையும் மெமரியில் தேக்கி, முழு நீளமும் தெரிந்தபிறகே வெளியே அனுப்பும். சர்வர் 'மீண்டும் அனுப்பு' என்று கேட்டால் கையில் ஒரு பிரதி இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்தது. சின்னக் கோப்புக்கு அது உதவி, பெரிய கோப்புக்குக் கழுத்தில் கல்.

இதே லேப்டாப்பில் 60 எம்பி கோப்புகூடச் சில நாள் 'நேரம் கடந்துவிட்டது' என்று விழுந்ததற்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது. தேக்கி அனுப்பும்போது மொத்த அனுப்புதலும் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்துக்குள் வந்துவிடுகிறது. அதன் இயல்பான கெடு 100 நொடி. நொடிக்கு அரை எம்பி என்றால் 50 எம்பியோடு கெடு முடிந்தது.

பஃபரிங்கை நிறுத்தினால் நீளத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும், அல்லது சங்க்டு முறையில் அனுப்ப வேண்டும். சங்க்டு எல்லா இடைநிலை சர்வருக்கும் ஒத்துவராது என்பதால் நீளத்தைச் சொல்லும் வழியையே எடுத்தேன். கோப்பின் அளவோடு மல்டிபார்ட் தலைப்பு வரிகள், எல்லைக்கோடுகள் எல்லாவற்றின் நீளத்தையும் கூட்ட வேண்டும். இங்கேதான் நம் மொழி எனக்கு ஒரு பாடம் கற்றுக் கொடுத்தது. ஆங்கிலப் பெயர் வைத்த கோப்புகள் சரியாகப் போயின. பட்டறையில் ஒருநாள் கோப்புக்குத் 'திருவெறும்பூர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சொன்ன நீளத்தைவிட அதிகமாக எழுதுகிறாய் என்று நிரல் நின்றுவிட்டது. கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் 14 குறிகள். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 42 பைட். நான் சரத்தின் நீளத்தை, அதாவது 14-ஐ எடுத்துக் கூட்டியிருந்தேன். 28 பைட் குறைவு. தலைப்பு வரிகளை முதலில் பைட்டாக மாற்றிவிட்டு, அந்தப் பைட்டுகளை எண்ணுங்கள். தமிழில் வேலை செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

இன்னொரு கண்ணி கடவுச்சொல். கையில் பிரதி இல்லாததால், சர்வர் 401 என்று திருப்பி 'நீ யார்' எனக் கேட்டால் நிரலால் மறுபடி அனுப்ப முடியாது. எனவே முதலில் ஒரு சின்னக் கோரிக்கையில் டோக்கன் வாங்கிக்கொண்டு, பெரிய கோரிக்கையின் தலைப்பிலேயே அதை வைத்து அனுப்பினேன்.

இது லேப்டாப் பக்கத்துக் கதை. சர்வர் பக்கமும் சும்மா விடவில்லை. அதுவும் நான் அமைத்ததுதான். ஐஐஎஸ் இயல்பாக 3 கோடி பைட்டுக்கு மேல் ஏற்காது, மறுக்கும்போது 404.13 என்று சொல்லும். வெறும் 404-ஐப் பார்த்துவிட்டு முகவரி தப்பு என்று அரை நாள் தேடினேன். ஏஎஸ்பி டாட்நெட்டின் சொந்த வரம்பு 4,096 கேபி. என்ஜின்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 1 எம்பி, தாண்டினால் 413. பிஎச்பியில் ஒரு கோப்புக்கு 2 எம்பி. இந்த வரம்புகளை உயர்த்துவது சுலபம். ஆனால் உயர்த்திய கையோடு, வந்த கோப்பை சர்வர் நிரல் முழுதாக மெமரிக்கு இழுக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். ஒரு பட்டறை அனுப்பினால் 700 எம்பி. மூன்று பட்டறை ஒரே ராத்திரியில் அனுப்பினால் 2 ஜிபிக்கு மேல். வரும் ஸ்ட்ரீமை அப்படியே வட்டில் எழுதும்படி மாற்றினேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று. 700 எம்பி போய்ச் சேர 23 நிமிடத்துக்கு மேல் ஆகும். இருபதாவது நிமிடத்தில் கரண்ட் போன ஒரு ராத்திரியில் ஆர்.டி. எடுக்கும் தம்பி எனக்குப் போன் செய்யவில்லை. காலையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மூணு தடவ மொதல்லருந்து போட்டேன் சார்." எனக்கு மனசு தாங்கவில்லை. ராத்திரி முழுக்க வேலை பார்த்த ஆளை என் நிரல் மறுபடி மறுபடி முதல் படியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

அன்றே கோப்பை 8 எம்பித் துண்டுகளாக வெட்டினேன். மொத்தம் 88 துண்டு. ஒவ்வொன்றும் தனிக் கோரிக்கை. தொடங்கும் முன் 'எதுவரை வந்திருக்கிறது' என்று சர்வரைக் கேட்கும். சர்வர் சொல்லும் இடத்திலிருந்து தொடரும். டஸ் என்ற திறந்த நெறிமுறை இதே வழியில்தான் இயங்குகிறது. இன்று புதிதாகச் செய்பவர்கள் சொந்தமாக எழுதாமல் அதையே எடுத்துக்கொள்ளலாம். கடைசித் துண்டு சேர்ந்ததும் இரு பக்கமும் ஷா-256 எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறோம். அதையும் கோப்பை ஓட விட்டபடியேதான் கணக்கிட வேண்டும். சரிபார்க்கிறேன் என்று முழுக் கோப்பையும் மெமரியில் ஏற்றினால் பழைய குழியிலேயே விழுவோம்.

உங்கள் நிரலை 5 எம்பி கோப்பை வைத்துச் சோதிக்காதீர்கள். 2 ஜிபியில் ஒரு கோப்பு எடுங்கள், பெயரைத் தமிழில் வையுங்கள், டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். பாதி வழியில் நெட்டைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகுங்கள். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் மெமரிக் கோடு அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்தப் பட்டறை லேப்டாப்பில் கடைசியாகப் பார்த்தபோது 40 எம்பியைத் தாண்டவில்லை.